மறுபடி கேட்பார்கள்

ஒரு பொருள் மீது ஒருவன் உயிரையே வைத்திருக்கிறான். அதை ஒருவர் கையில் எடுத்து வந்து "வேணுமா?" என்று கேட்கிறார். அப்போது "வேணும்" என்ற ஒரு வார்த்தை ஏன் அவன் வாயில் வருவதில்லை? அந்த ஏப்ரல் மாதம் எங்கள் ஊரில் எல்லோரும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை. கோல்பி ஹாவிக்கின் கதையை முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

கோல்பி பிறந்தது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், வடமேற்கு மூலையில். கண்ணுக்கெட்டிய தூரம் மேடு என்று ஒன்று கிடையாது. கறுப்பு மண், அதில் சர்க்கரை ஆலைக்குப் போகும் பீட் கிழங்கு. அப்பா ரோல்ஃபுக்கு அந்த மண்ணைத் தவிர வேறு உலகம் இல்லை. அம்மா டெனிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். அக்கா கிர்ஸ்டன் படித்து முடித்துப் பெரிய நகரத்துக்குப் போய் மருத்துவமனையில் நர்ஸ் ஆனாள்.

எங்கள் ஊரில் ஒருவர் வீட்டுக்குப் போனால் "காபி குடிக்கிறீங்களா?" என்பார்கள். "ஐயோ, வேண்டாம், சிரமப்படாதீங்க" என்று சொல்ல வேண்டும். அவர்கள் மறுபடி கேட்பார்கள். "போட்டு வச்சது இருந்தா பார்க்கலாம்" என்று இழுக்க வேண்டும். மூன்றாவது முறை கேட்ட பிறகுதான் "சரி, அரைக் கோப்பை" என்று ஒப்புக்கொள்ளலாம். முழுக் கோப்பை வரும், கூடவே எலுமிச்சை கேக் துண்டும் வரும். முதல் தடவையே கையை நீட்டும் பிள்ளைகளை அம்மாக்கள் மேசைக்கு அடியில் காலால் ஒரு தட்டு தட்டுவார்கள். கோல்பியின் கணுக்கால் அந்தத் தட்டு வாங்கியே வளர்ந்தது.

ஆறு வயதில் ஒருநாள் பக்கத்துப் பண்ணையின் ஆர்லீன் ஸ்கோக்லண்ட் வீட்டுக்குப் போயிருந்தான். "ஐஸ்கிரீம் வேணுமாடா?" என்றாள் ஆர்லீன். "வேண்டாம்" என்றான். அவள் இரண்டாம் தடவை கேட்க வாயைத் திறந்தபோது தொலைபேசி மணி அடித்தது. பேச்சு நீண்டது, ஐஸ்கிரீம் மறந்துபோனது. பையன் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு அவள் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்து, பிறகு நன்றி சொல்லிவிட்டு, வீடு வரும்வரை அழுதுகொண்டே நடந்தான். பல வருஷம் இதைச் சொல்லிச் சொல்லி ஊர் சிரித்தது. அப்போதே ஒருவர் சிரிக்காமல் யோசித்திருக்கலாம்.

எங்கள் பள்ளியில், பந்தைக் கையால் பிடித்து ஆளை முட்டி ஆடுகிற அமெரிக்கக் கால்பந்துக்குப் பதினொரு பையன்கள் தேறுவதில்லை. அதனால் ஒன்பது பேர் வைத்து ஆடும் ஆட்டம்தான். பதினைந்து வயதில் கோல்பி வாசற்படியில் குனிந்துதான் வீட்டுக்குள் வருவான். கை ஒவ்வொன்றும் மண்வெட்டி போல இருக்கும். அவனை டைட் எண்ட் இடத்தில் நிறுத்தினார்கள். வரிசையின் ஓரத்தில் நிற்கிற ஆள் அவன். ஒரு ஆட்டத்தில் எதிராளியை முட்டி மண்ணில் சாய்க்க வேண்டும். அடுத்ததில் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்க வேண்டும். இரண்டும் தெரிந்தவர்கள் குறைவு. கோல்பிக்கு இரண்டும் தெரியும்.

டகோட்டா பக்கம் ஒரு கல்லூரி அவனைக் கூப்பிட்டது. அங்கே நான்கு வருஷம் முட்டினான், முட்டினான், முட்டிக்கொண்டே இருந்தான். பந்து அவனிடம் வரவில்லை. பந்து வீசுகிற பையன் ஒருநாள் பொறுக்க முடியாமல் கத்தினான்.

"ஏன்டா, பக்கத்துல ஒருத்தனும் இல்லாம தனியாத்தானே நின்ன? கையத் தூக்கிக் காட்டுனா என்ன, ஒடிஞ்சா போயிடும்?"

"நீ பார்த்துப் போடுவன்னு நினைச்சேன்."

"நான் உன் மனசையா படிச்சுக்கிட்டு இருக்கேன்? என் மேல நாலு எருமைங்க ஏறிக்கிட்டு இருக்கு!"

அடுத்த ஆட்டத்திலும் கோல்பி கையைத் தூக்கவில்லை. ஆனாலும் வந்த பந்து ஒன்றைக்கூட அவன் தவறவிட்டதில்லை. பெரிய அணிகளுக்கு ஆள் தேடுகிறவர்கள் மைதானத்துக்கு வந்து பார்த்தார்கள். "முட்டுவதில் சூரன், ஆட்டத்தில் இன்னும் வளர வேண்டிய பையன், பந்து பிடிப்பானா என்பதுதான் தெரியவில்லை" என்று பேசிக்கொண்டு போனார்கள்.

அவனுக்காகப் பேச ஒரு ஏஜென்ட் கிடைத்தார். லூசியானாக்காரர், பெயர் டெரன்ஸ் பூட்ரோ. வாய் ஓயாத மனுஷன். ஒரு அணி கோல்பியை நேரில் கூப்பிட்டு, "ஜார்ஜியாவுல மாலிக் ஓடம்னு ஒரு டைட் எண்ட் இருக்கானே, அவன விட நீ ஒசத்தியா?" என்று கேட்டது. "அவரும் நல்லாத்தாங்க ஆடுறாரு" என்றான் கோல்பி. வெளியே வந்ததும் டெரன்ஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

"தம்பி, நான் உன்னை வித்துக்கிட்டு இருக்கேன். நீ அடுத்த கடைக்கு வழி காட்டுற!"

அதற்குப் பிறகு அவர் தினமும் போனில் கோச் வேஷம் போட்டுப் பாடம் நடத்தினார். "நான்தான் கோச். எங்க அணிக்கு வர்றியா? சொல்லு."

"வர்றேன், உங்களுக்குச் சிரமம் இல்லன்னா."

"அந்தப் பின்பாதியை வெட்டு! 'வர்றேன்', அதோட நிறுத்து. எங்க, மறுபடி சொல்லு."

"வர்றேன்."

"அப்படித்தான். அதைக் கத்திச் சொல்லு."

கத்துவது மட்டும் வரவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவன் மெதுவாகச் சொல்லிப் பார்ப்பது வெளியே டெனிஸுக்குக் கேட்கும். தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டவன் போல இருந்தது என்று அவள் சொன்னாள்.

அந்த வருஷம் எங்கள் மாநில அணிக்கு டைட் எண்ட் தேவை என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். இருந்தவருக்கு முழங்கால் போய்விட்டது. டிராஃப்டில் அணிகள் முறை வைத்து, சுற்றுச் சுற்றாகக் கல்லூரிப் பையன்களை எடுப்பார்கள். மொத்தம் ஏழு சுற்று, மூன்று நாள். ஊரே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது: நம்ம அணி, நம்ம பையன், வேறு பேச்சே கிடையாது.

வியாழக்கிழமை முதல் சுற்றில் நம்ம அணி பின்வரிசையில் நின்று பந்தைத் தடுக்கும் ஒருவனை எடுத்தது. வெள்ளிக்கிழமை காலையில், பெட்ரோல் பங்க் காபி மேசையில் டெனிஸின் அண்ணன் வெர்ன் கொதித்துக்கொண்டிருந்தார்.

"வருஷா வருஷம் அதே ஆளு! வீட்டுல நாலு மூட்டை உப்பு கெடக்கு, சூப்புக்குக் கறி இல்ல. இவனுங்க கடைக்குப் போய் மறுபடியும் உப்பு வாங்கிட்டு வர்றானுங்க!"

"இன்னும் ஆறு சுற்று இருக்கே, வெர்ன்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"நம்ம டைட் எண்ட் ஓடுறதப் பார்த்தியா? என் பழைய டிராக்டர் தேவலை. அதுவாவது புகை விட்டுக்கிட்டுப் போகும்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைவிட மோசம். இரண்டாம் சுற்றில் ஆள் எடுக்கும் தங்கள் தேர்வை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டு, பின்சுற்றுகளில் வரும் இரண்டு தேர்வுகளை வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் சுற்றிலும் அதே வியாபாரம். "விதையை வித்து சாக்கு வாங்குறானுங்க" என்று சொல்லிவிட்டு வெர்ன் தொப்பியைத் தரையில் அடித்தார்.

சனிக்கிழமை விடிந்தபோது மண் காய்ந்திருந்தது. அந்த வசந்தத்தில் விதைப்புக்கு வாய்த்த முதல் நல்ல நாள். சுற்றியுள்ள எல்லா வயலிலும் டிராக்டர்கள் இறங்கிவிட்டன. ரோல்ஃப் மட்டும் சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். மகனுக்காக அவர் செய்தது என்னவென்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் புரியும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து ஜன்னல் வழியாக வயலைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், உட்காருவார்.

ஆர்லீன் பெரிய பாத்திரத்தில் ஹாட்டிஷ் கொண்டு வந்தாள். மாட்டிறைச்சி அடியிலும் உருளைக்கிழங்கு மேலேயுமாக அடுப்பில் வெந்து குமிழ்த்துக்கொண்டிருந்தது. சர்ச்சிலிருந்து காபி அண்டா வந்தது. கிர்ஸ்டன் விடுப்பு எடுத்து வந்திருந்தாள். கோல்பி சோபாவின் ஓரத்தில், முழங்கால்கள் மார்பைத் தொட, உள்ளங்கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான்காம் சுற்று போயிற்று. ஐந்தாம், ஆறாம் சுற்றுகளும் போயின. நம்ம அணி இரண்டு முறை எடுத்தது. இரண்டுமே டைட் எண்ட் இல்லை. வெர்ன் வெளியே போய் வண்டிச் சக்கரத்தை உதைத்துவிட்டு வந்தார்.

ஏழாம் சுற்றில் நம்ம அணியின் முறை நெருங்கும்போது போன் அடித்தது.

வீடு அப்படியே உறைந்தது. அழைத்தது நம்ம அணியின் டைட் எண்ட் பயிற்சியாளர் லாட்னர். அந்தக் குளிர்காலத்தில்தான் டெக்சாஸிலிருந்து வேலைக்கு வந்தவர். சந்தையில் ஏலம் போடுகிறவர் போல வேகமாகப் பேசினார். போனுக்கு வெளியேயும் கேட்டது.

"கோல்பியா? லாட்னர் பேசுறேன். கேளு தம்பி, நேரம் இல்ல. எங்க மேசைல ரெண்டு பேரு இருக்கு. ஒண்ணு நீ, இன்னொண்ணு ஜார்ஜியா பையன். எனக்கு உன்னைப் புடிச்சிருக்கு. நீ என்ன சொல்ற? வர்றியா, இடத்தப் புடிச்சிருவியா?"

கோல்பி எழுந்து நின்றான். டெரன்ஸ் சொல்லிக்கொடுத்த வார்த்தை அவன் நாக்கு நுனி வரைக்கும் வந்தது என்று பின்னால் சொன்னான். ஆனால் அறையில் அம்மா இருந்தாள், அப்பா இருந்தார், ஆர்லீன் இருந்தாள், ஊர் பாதி இருந்தது. மேசைக்கு அடியில் யாரும் கணுக்காலைத் தட்டவில்லை. தட்டினது போலவே இருந்தது.

"ஐயோ, எனக்காக ஒரு தேர்வ வீணாக்கிடாதீங்க கோச். அந்தப் பையனும் ரொம்ப நல்லா ஆடுறான்."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"சரி தம்பி" என்றார் லாட்னர். "மனசுல இருக்கறத நேர்மையா சொன்னதுக்கு நன்றி. நல்லா இரு."

அவர் போனை வைத்துவிட்டார். கோல்பி தன் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

ரோல்ஃப்தான் முதலில் பேசினார். "சரியாத்தான் சொல்லியிருக்க."

"மரியாதையா பேசினான்" என்றாள் ஆர்லீன். டெனிஸ் தட்டுகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். யார் முகத்திலும் கவலை இல்லை. எல்லோரும் போனைப் பார்த்தார்கள். ஒருமுறை கேட்டாயிற்று. இனி மறுபடி கேட்பார்கள்.

கிர்ஸ்டன் ஒருத்திதான் எழுந்து கத்தினாள். "எல்லாருக்கும் பைத்தியமா? அந்த ஆளு டெக்சாஸ்காரரு! அவருக்கு இது வேண்டாம்னு சொன்ன மாதிரிதான் கேட்டிருக்கும். கோல்பி, கூப்பிடு. நீயே கூப்பிடு!"

"நானே கூப்பிட்டா கெஞ்சுற மாதிரி இருக்கும்க்கா."

"கெஞ்சுடா!"

"கொஞ்சம் பொறு கிர்ஸ்டன்" என்றார் ரோல்ஃப். "அவங்களே கூப்பிடுவாங்க. ஒரு தடவையோட யாரு விடுவாங்க?"

கோல்பி அக்காவைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். கட்டைவிரல் அந்த எண்ணின் மேல் போய் நின்றது. அது அழுத்துவதற்குள் தொலைக்காட்சியில் நம்ம அணியின் பெயரைச் சொன்னார்கள். அதற்கடுத்து ஜார்ஜியா என்றார்கள். அதற்கடுத்து மாலிக் ஓடம்.

திரையில் மாலிக்கின் வீடு தெரிந்தது. அவன் போனைப் பிடித்துக்கொண்டு "வர்றேன், வர்றேன், இப்பவே வர்றேன்!" என்று குதித்தான். அவன் அம்மா அவன் முதுகில் தொங்கிக்கொண்டு அழுதாள். அவனிடம் எத்தனை தடவை கேட்டார்களோ தெரியாது. பார்த்தால், கேட்டு முடிக்கவே அவன் விடவில்லை போலிருந்தது.

"உஃப் டா" என்றார் ஒருவர். எங்கள் ஊரில் எல்லாத் துக்கத்துக்கும் அது போதும்.

டெரன்ஸ் கூப்பிட்டார். அவருடைய குரல் வாசல் வரைக்கும் கேட்டது. "என்ன சொன்ன நீ? தேர்வ வீணாக்காதீங்கன்னா சொன்ன? நாலு மாசம், தம்பி! நாலு மாசம் ஒரே ஒரு வார்த்தையைத்தான் உனக்குச் சொல்லிக்குடுத்தேன்!"

"அவங்க மறுபடி கேப்பாங்கன்னு நினைச்சேன்."

"அது அணி! உங்க சர்ச் காபி இல்ல!" பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "சரி. டிராஃப்ட் முடிஞ்சதும் மிச்சம் இருக்கறவங்களுக்கு அணிகள் போன் போடும். எவன் கூப்பிட்டாலும், எது கேட்டாலும், வேணும்னு கத்து. வேற ஒண்ணும் பேசாத."

கூட்டம் கலைந்தது. ஒவ்வொருவரும் வாசலில் நின்று, கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு, வானிலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். ரோல்ஃப் சட்டையை மாற்றிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும் மட்டும் விதைக்கலாம் என்று வயலுக்குப் போய்விட்டார். கோல்பி சமையலறையில் தனியாக நின்றான். போன் அடித்தது. யாரென்றுகூடப் பார்க்கவில்லை.

"வேணும்!" என்று கத்தினான். "எனக்கு வேணும்! இப்பவே வர்றேன்!"

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"சரி கோல்பி" என்றாள் ஆர்லீன், மெல்லிய குரலில். "மிச்ச ஹாட்டிஷ் அங்கயே இருக்கட்டுமா, உனக்கு வேணுமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். நீயே வச்சுக்க. நீ இவ்வளவு பசியோட இருந்தேன்னு எனக்குத் தெரியாம போச்சு."

மறுநாள் சர்ச்சில் பாதிப் பேருக்கு இது தெரிந்திருந்தது. டிராஃப்ட் போனதைவிட, கேட்பதற்கு முன்பே கோல்பி 'வேணும்' என்று கத்தினான் என்பதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். பையனுக்கு அதிர்ச்சி போலிருக்கிறது என்று மன்னித்தார்கள்.

வேறு எந்த அணியும் கூப்பிடவில்லை. பந்து பிடிப்பானா என்ற பழைய சந்தேகம் ஏற்கெனவே இருந்தது. அதோடு இவனுக்கு ஆசையே இல்லை என்ற புதுப் பேச்சும் சேர்ந்துகொண்டது. டெரன்ஸ் யார் யார் காலிலோ விழுந்து, நம்ம அணியின் புதுப் பையன்கள் முகாமுக்கே ஒரு வாய்ப்பு வாங்கிக்கொடுத்தார். ஒப்பந்தம் கிடையாது, வாக்குறுதியும் கிடையாது. வந்து ஆடிக் காட்டலாம், அவ்வளவுதான்.

அங்கே கோல்பி ஆடியதைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். வந்த பந்தையெல்லாம் பிடித்தான். கையைத் தூக்கினான். "இங்க போடு!" என்று தொண்டை கிழியக் கத்தினான். மாலிக் ஓடம் இரண்டு பந்துகளைத் தவறவிட்டான். நல்ல பையன். மதியச் சாப்பாட்டில் கோல்பிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீ மனுஷனா, சுவரா? உன்னை மாதிரி முட்ட எனக்குச் சொல்லித் தாயேன்" என்று கேட்டான். கோல்பி சொல்லியும் கொடுத்தான்.

கடைசி நாளில் லாட்னர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பிரமாதமா ஆடின. ஆனா இடம் நிரம்பிடுச்சு. தேர்வு குடுத்து எடுத்தவன நான் உடனே வெளிய அனுப்ப முடியாது. மேல இருக்கறவங்க என்னைக் கேப்பாங்க."

"கோச், எனக்கு இது வேணும்" என்றான் கோல்பி. "சின்ன வயசுலேர்ந்து இது ஒண்ணுதான் வேணும்."

லாட்னர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அவர் முகத்தில் எரிச்சல் தெரிந்தது.

"இத அன்னிக்கு சனிக்கிழமை சொல்லித் தொலைச்சிருக்கலாமே, தம்பி. நான் உன் பேரைத்தான் கையில வச்சுக்கிட்டு நின்னேன்."

கோல்பி ஊருக்குத் திரும்பினான். அந்த அக்டோபரில் அப்பாவின் பீட் லாரியை ஆலைக்கு ஓட்டினான். அதற்கு முன்பே, ஆகஸ்டில், டெரன்ஸ் நிறையப் பேரிடம் பேசிப் பார்த்துவிட்டு, பிறகு கூப்பிடுவதைக் குறைத்து, பிறகு நிறுத்திவிட்டார். ஆனால் கோல்பி நிறுத்தவில்லை. திங்கட்கிழமைதோறும் அவனே அணிகளுக்கு போன் போட்டு, "டைட் எண்ட் இடம் காலியா? எனக்கு வேணும்" என்று கேட்கிறான். அந்த நேரத்தில் ரோல்ஃப் சமையலறையில் இருக்க மாட்டார். கூச்சம் தாங்காமல் கொட்டகைக்குப் போய்விடுவார். இதுவரை எல்லோரும் ஒரே தடவையில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இல்லை என்பதைச் சொல்ல மட்டும் யாரும் யோசிப்பதே இல்லை.

ஆர்லீன் வீட்டில் இப்போது காபி வேணுமா என்றால் கோல்பி, "வேணும், ரெண்டு துண்டு கேக்கும் குடுங்க" என்கிறான். அவள் கொடுக்கிறாள், ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டு கொடுக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சின் அடித்தளக் கூடத்தில் அவள் கேக் கொடுத்தபோதும் நான் இதைக் கண்ணால் பார்த்தேன். அதே மேசையில் ரோல்ஃபும் இருந்தார்.

"அவன் மேல தப்பே இல்ல" என்றார் ரோல்ஃப், யாரும் கேட்காமலே. "அவங்க மறுபடி கேட்டிருக்கணும். மரியாதை தெரியாத ஜனங்க."

"அப்பா, போதும்" என்றான் கோல்பி.

"இன்னும் கொஞ்சம் காபி, ரோல்ஃப்?" என்று டெனிஸ் அண்டாவைச் சாய்த்தாள்.

"வேண்டாம், சிரமப்படாத" என்றார் ரோல்ஃப், காலிக் கோப்பையை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டே.

கோல்பி எழுந்து வெளியே போய்விட்டான். கதவு சாத்திய சத்தத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவன் வண்டி நிறுத்துமிடத்தில், பனிக்கு நடுவே, தன்னந்தனியாக, யாரும் வீசாத பந்துக்குக் கையைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான்.

எனக்கு இன்னும் பதில் முழுசாகத் தெரியவில்லை. ஆனால் உங்கள் வீட்டிலும் தெருவிலும் கோல்பியைப் போல ஒருவர் இருப்பார் என்பது தெரியும். அவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். "இதெல்லாம் எனக்கெதுக்கு, வேண்டாம்" என்பார். தயவுசெய்து அதோடு விட்டுவிடாதீர்கள். மறுபடி சொல்லுங்கள். அதற்கும் வேண்டாம் என்றால், இன்னொரு தடவையும் சொல்லுங்கள்.